யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? வறுமை ஒழிப்புத் திட்டங்களின் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலை, ரேஷன், முதியோர் பென்ஷன் என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று கவலைகளில்தான் வந்து நிற்கிறது. மக்களுக்கு உழைக்கும் எண்ணம் போய்விடுமோ, பணம் வீணாகுமோ, தகுதியில்லாதவர் வாங்கிக்கொண்டு போகிறாரோ. மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் அரசாணையின் உட்பிரிவுகளில் கிடக்கிறது. அதனால் தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் திட்டங்களை வைத்தே, அவற்றின் விதிகள் என்ன செய்கின்றன என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

பணம் கொடுக்கிறார்கள், மக்கள் வாங்குகிறார்கள். இதில் விதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் யாருடைய கணக்கில் விழுகிறது, எந்தத் தேதியில் விழுகிறது, அதற்காக எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டும், எதைச் செய்தால் அது நின்றுபோகும். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஆயிரம் ரூபாயின் மதிப்பு. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுச் சான்றிதழுக்கு அலைந்தவருக்கு முதல் மாதத் தொகை கைக்கு வரும் முன்பே செலவாகிவிடுகிறது.

இன்னொன்று. விதிகளை எழுதுபவர்கள் மாதச் சம்பளம் வாங்குபவர்கள். ஏழைக் குடும்பத்தின் வருமானம் அப்படி வருவதில்லை. நடவிலும் அறுப்பிலும் கூலி இருக்கும், கோடையில் இருக்காது. மழை விட்டால் கட்டட வேலை, பெய்தால் வீட்டில். “உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?” என்று படிவம் கேட்கும்போது சித்தாள் வேலைக்குப் போகும் பெண் தடுமாறுவது எதையோ மறைப்பதற்காக இல்லை, அவருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட வாழ்க்கையின் மேல் கோடு போட்டுப் பிரிக்கும்போது, கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள்.

சும்மா பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

இதைப் பல நாடுகளில் முறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் மற்ற மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகரகுவா, மொராக்கோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை எடுத்துக்கொண்டது. உதவித்தொகை பெற்ற ஆண்களோ பெண்களோ வேலையைக் குறைத்துக்கொண்டதற்குச் சீரான ஆதாரம் எதுவும் அதில் கிடைக்கவில்லை.

காரணம் கணக்கிலேயே தெரிகிறது. மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளைக்கு 33 ரூபாய். சித்தாள் வேலைக்கு ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. அதை நம்பி மாதம் முழுக்க யாரும் வீட்டில் உட்கார முடியாது. அந்தப் பணம் வேறொன்றைச் செய்கிறது: பஸ்ஸுக்குக் காசில்லாமல் வேலைக்குப் போகாத நாளைக் குறைக்கிறது, கந்துவட்டிக்கு வாங்கும் கைமாற்றைக் குறைக்கிறது.

வேலை குறைந்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எழுபது வயதுப் பாட்டி களை எடுக்கப் போவதை நிறுத்தினால், எட்டாம் வகுப்புப் பையன் பட்டறைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனால், திட்டம் பலித்துவிட்டது என்றே பொருள்.

நூறு நாள் வேலை வந்த பிறகுதானே வயல் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனது?

தஞ்சை, திருவாரூர் பக்கம் விவசாயிகள் சொல்லும் இந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது. நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைக்காமல் சிறு விவசாயி திண்டாடுவது நிஜம். ஆனால் அதற்கான காரணங்களை நூறு நாள் வேலையின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை. ஆண்கள் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் படித்தார்கள். அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்ததால் வயல் வேலை ஆண்டில் சில வாரங்களாகச் சுருங்கியது. மிச்ச வாரங்களில் வருமானம் இல்லாத ஊரில் யாரும் தங்குவதில்லை.

இந்தத் திட்டத்தின் விதிகளைத் தனியாக எடுத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அவை மற்றத் திட்டங்களைப் போல இல்லை. 2005-ல் சட்டம் நிறைவேறி, 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடங்கியது. 2008 ஏப்ரலில் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. கிராமத்தில் வசிக்கும், உடலுழைப்புக்குத் தயாராக உள்ள யாரும் கேட்கலாம். வருமானச் சான்று தேவையில்லை, வறுமைக்கோட்டுப் பட்டியல் தேவையில்லை. வெயிலில் மண் வெட்டிச் சுமக்கச் சம்மதிப்பதே தகுதி. வசதியுள்ளவர் தானாகவே வரமாட்டார் என்பதுதான் இதன் பின்னால் உள்ள கணக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும், தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

இந்த வரிகள் யாரைக் கொண்டுவந்தன என்று எந்த ஏரிக்கரைக்கும் போய்ப் பாருங்கள். மண்வெட்டியும் பாண்டுமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். வரப்பில் ஓர் ஆடு கட்டியிருக்கும், மர நிழலில் தூக்குவாளிகள் வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவை. ஆணுக்கு வெளியே இதைவிடக் கூலி அதிகம், அதனால் அவர் வருவதில்லை. வயலில் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்ணுக்கு இது சமமான கூலி. தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எந்த அதிகாரியும் செய்யவில்லை. கூலி விகிதமும் தூரமும் செய்தன.

கூலி உயர்ந்ததா என்றால், உயர்ந்தது. ஆந்திரத்தில் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியாக ஒழுங்காகக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் பெரிய அளவில் சோதித்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. கூடிய வருமானத்தின் பெரும்பகுதி திட்டத்திலிருந்து வரவில்லை. வெளி வேலையின் கூலி உயர்ந்ததால் வந்தது. தனியார் வேலைவாய்ப்பு அதனால் சரியவும் இல்லை. “இந்தக் கூலிக்கு வரமாட்டேன்” என்று சொல்ல ஒரு மாற்று இருந்ததுதான் அந்த வித்தியாசம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்தியது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்க வழிசெய்தது. செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்களின் மேல் வைத்தது. விவசாயியின் சிரமத்துக்கு இது தீர்வு என்கிறார்கள். என் கருத்து வேறு. கூலி உயர வாய்ப்புள்ள அந்தச் சில வாரங்களில்தான் தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. சரியாக அந்த வாரங்களில் மாற்று வேலையை மூடினால் விவசாயியின் செலவை நிலமற்ற பெண் சுமக்கிறாள். சிறு விவசாயிக்கு உதவ வேண்டும் என்றால் நெல் விலையில், நடவு மானியத்தில் உதவலாம்.

வேலையிடத்தில் போட்டோ எடுத்து வருகை பதிவது நல்ல விஷயம்தானே? பொய்க் கணக்கு நிற்குமே?

என்.எம்.ஆர். எனும் வருகைப் பட்டியலைப் பொய்யாக எழுதியது உண்மை, அதைத் தடுக்கத்தான் வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் செல்போன் செயலியில் தினம் இரண்டு முறை படம் பிடித்து ஏற்றுவது கட்டாயமானது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று.

ஆனால் கூலி கணக்கிடப்படுவது வெட்டிய மண்ணின் அளவை வைத்து. சீக்கிரம் வெட்டி முடித்தவர் முன்பு பதினோரு மணிக்கு மேல் கிளம்பி ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார், அல்லது பக்கத்து வயலில் அரை நாள் களை எடுப்பார். இப்போது இரண்டாவது படத்துக்காக மரத்தடியில் காத்திருக்கிறார். சிக்னல் கிடைக்காமல் படம் ஏறவில்லை என்றால் அன்றைய உழைப்புக்குக் கணக்கே இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கண்காணிப்பாகத் தெரிவது கீழே இருப்பவருக்கு அரை நாள் கூலி இழப்பு. 2005-ன் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றும் சொன்னது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. தொழிலாளியின் நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கும் விதிகள், அரசு எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டாமா?

மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பு வைத்திருக்கிறார்களே, அதனால் கூடுதலாகச் சம்பாதிக்கப் பயப்படுவார்களா?

காகிதத்தில் பார்த்தால் பயப்பட வேண்டும். ஆண்டு வருமானம் 2,49,000 என்றால் 12,000 ரூபாய் கிடைக்கும், 2,51,000 என்றால் ஒன்றும் கிடையாது. இரண்டாயிரம் கூடுதலாகச் சம்பாதித்துப் பன்னிரண்டாயிரத்தை இழக்க வேண்டும். படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாக அறுந்து விழும் விதி இது.

நடைமுறையில் அந்தப் பயம் அதிகம் இல்லை, ஏனென்றால் கூலி வேலை, சில்லறை வியாபாரம் செய்பவரின் வருமானத்தை யாராலும் பார்க்க முடியாது. மேற்கத்திய நாடுகளில் அப்படி இல்லை. 1980-களில் அமெரிக்காவில், குழந்தைகள் உள்ள ஏழைத் தாய்மாருக்கான உதவித் திட்டத்தில், வேலையில் சேர்ந்து சில மாதங்கள் கழிந்ததும் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் கிட்டத்தட்ட ஒரு டாலர் உதவி வெட்டப்பட்டது. வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் கையில் அதே காசு. அதே நாட்டில் 1975-ல் வந்த உழைப்பு வருமான வரிச் சலுகை நேர்மாறானது: ஒரு வரம்பு வரை, சம்பாதிக்கச் சம்பாதிக்க அரசு தரும் தொகை கூடும். அது தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரை வேலைக்கு இழுத்தது என்று பல ஆய்வுகள் காட்டின.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. வருமானம் தெரியாததால் அரசு கண்ணுக்குத் தெரிவதைப் பிடிக்கிறது: வாகனம், நிலம், மின்சாரம், ஜி.எஸ்.டி. பதிவு. அதனால் சம்பாதிப்பதைவிட, சம்பாதித்ததைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக மாற்றுவதுதான் ஆபத்தாகிறது.

கார் வைத்திருப்பவருக்கு எதற்கு ஆயிரம் ரூபாய்?

சொகுசுக்காகக் கார் வாங்கியவருக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். 2023-ல் அறிவித்த விதியில் கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் என எல்லா நான்கு சக்கர வாகனங்களும் ஒரே பட்டியலில் இருந்தன. பழைய காரைக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவரின் மனைவிக்கும் தொகை கிடையாது. அவருக்கு அது சோறு போடும் கருவி, மாதாமாதம் தவணை கட்டும் கடன். அரசே மானியம் கொடுத்து வாகனம் வாங்கவைத்து, அதே வாகனத்தைக் காட்டித் தொகையை மறுத்த விநோதமும் நடந்தது. 2025-ல் அந்த ஒன்றைத் தளர்த்தினார்கள். அரசு மானியத்தில் வாகனம் வாங்கியவர்களின் வீட்டுப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்றானது.

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் இன்னும் தெளிவான உதாரணம். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் பயனாளிகளைப் பிரித்தபோது, பைக் இருந்தால், ஃபிரிட்ஜ் இருந்தால், வீட்டில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் வெளியே. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போக செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியவர், கூரை வீட்டில் இருந்தும் பட்டியலில் இல்லை. 2024-ல் பைக்கையும் ஃபிரிட்ஜையும் நீக்கி, வருமான வரம்பை 15,000 ஆக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் விடுபட்டவர்கள் மழைக்குத் தார்ப்பாயைத்தான் நம்பியிருந்தார்கள்.

சேமிப்பைத் தண்டிக்கும் விதி எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஏழை முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியில் தனிநபர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 1989-ல் வைத்தது. விலைவாசி பல மடங்கு ஏறியும் அதைப் பல பத்தாண்டுகள் அப்படியே விட்டுவிட்டார்கள். அவசரத்துக்குக் காசு சேர்க்காதே என்று அரசே சொல்வதற்குச் சமம் இது.

உரிமைத் தொகைக்கு மின்சார வரம்பாக வைத்த 3,600 யூனிட் கணக்கு எப்படி? எங்கள் வீட்டில் அவ்வளவு ஓடுவதே இல்லையே, ஏன் நிராகரித்தார்கள்?

ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் நம் முறைப்படி பில்லுக்கு 600 யூனிட். ஒரு ஃபேன், இரண்டு லைட், டி.வி., மிக்ஸி உள்ள வீடு இதைத் தொடாது. சிக்கல் மீட்டரில் இருக்கிறது. அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால், அல்லது வீட்டுக்காரர் நான்கு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர் வைத்திருந்தால், எல்லோருடைய ஓட்டமும் ஒன்றாக ஏறும். வசதியானவர் தனி மீட்டர் வைத்திருப்பார். நெருக்கிக்கொண்டு வாழ்பவர்தான் பகிர்ந்துகொள்வார். விதியை எழுதியவர் நினைத்ததற்கு எதிர்த்திசையில் அது வடிகட்டுகிறது.

நிலமும் இப்படித்தான். நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் வரை என்பது தாராளமான வரம்பு. ஆனால் தாத்தா பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டாவில், ஆறு வாரிசுகளின் பங்கும் ஒன்றாகத் தெரியும்.

இந்தத் திட்டத்தில் பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு. வருமானச் சான்று, நில ஆவணம் எதையும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லவில்லை. முகாமுக்கு வந்து படிவம் தந்தால் போதும், சரிபார்ப்பது அரசின் வேலை என்றார்கள். ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, 2023 செப்டம்பர் 15 அன்று 1.06 கோடிப் பெண்களோடு தொடங்கியது. சான்றிதழ் கேட்டிருந்தால் அந்த எண்ணிக்கையில் பாதியைத் தாலுகா ஆபீஸ் வரிசையே வடிகட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

பென்ஷன் வாங்கும் விதவைக்கு உரிமைத் தொகை ஏன் இல்லை?

முதியோர், விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது. இரண்டு உதவி ஒருவருக்கு வேண்டாம் என்பது அரசின் வாதம். கணவர் உள்ள, வருமானம் வரும் வீட்டுப் பெண்ணுக்கு 1,000 ரூபாய். யாருமில்லாத பெண்ணுக்கு 1,200. துணையில்லாமல் வாழ்வதற்கு மாதம் 200 ரூபாய்தான் வித்தியாசமா? முதியோர் பென்ஷனில் மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்குத் தரும் பங்கு பல ஆண்டுகளாக அதே 200 ரூபாய். 

அதைவிட வருத்தமானது, ஆரம்ப விதியில் பாட்டி பென்ஷன் வாங்கினால் அதே ரேஷன் கார்டில் உள்ள மருமகளுக்கும் இல்லை என்று பல குடும்பங்களில் ஆனது. பெரியவர்களைத் தனிக் கார்டுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வீட்டுக்குள் எழுந்தது. உரிமைத் தொகை கார்டுக்கு ஒன்று என்பதால் புதிய கார்டு கேட்டும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரே அடுப்பில் சமைக்கும் குடும்பத்தைக் காகிதத்தில் பிரிக்கத் தூண்டுவது விதியின் குற்றம். அதைச் செய்த குடும்பத்தை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பென்ஷன் வாங்குபவர் உள்ள வீட்டின் மற்றப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று பின்னர் மாற்றியது நல்ல திருத்தம்.

ரொக்கமாகக் கொடுத்தால் நேராக டாஸ்மாக்கிற்குத்தானே போகும்?

உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். உதவித்தொகை வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. பெண்ணின் கணக்கில் போடுவது என்ற விதிக்கு இதில் பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை அந்த ஆயிரம் கேஸ் சிலிண்டருக்கும், குழுக் கடன் தவணைக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. பதினைந்தாம் தேதி வரும் என்பது தெரிந்திருப்பதால் மளிகைக் கடைக்காரரும் அதை நம்பிக் கடன் தருகிறார்.

தொடக்கத்தில் பணத்தை வேறொரு கை எடுத்தது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதத்தைப் பிடித்துக்கொண்டன. அரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. குடிகாரக் கணவனைப் பற்றிய கவலையில் நூறில் ஒரு பங்கை இந்தப் பிடித்தங்களின் மேல் காட்டியிருந்தால் நிறையப் பெண்களின் பணம் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் ரேஷன் அரிசிக்குப் பதிலாகவும் பணமே தரலாமே?

புதுச்சேரியில் செய்து பார்த்தார்கள். 2015-ல் அங்கே அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற முறை வந்தது, காலப்போக்கில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் அரிசிதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 அக்டோபரில் கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். ஜார்கண்டில் ராஞ்சி அருகே நக்ரி வட்டாரத்தில் 2017-ல் இன்னொரு சோதனை: பணம் கணக்கில் வரும், அதை எடுத்துக்கொண்டு போய்க் கிலோ 32 ரூபாய்க்கு ரேஷன் கடையிலேயே அரிசி வாங்க வேண்டும். முன்பு ஒரு ரூபாய். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. எதிர்ப்பு கிளம்பி, 2018 ஆகஸ்டில் கைவிட்டார்கள்.

அரிசி விலை ஏறினாலும் இருபது கிலோ இருபது கிலோதான். ஆயிரம் ரூபாய் அப்படி நிற்காது. தெருமுனையில் கடை இருந்து, அருகில் வங்கி இல்லாத ஊரில் இது சாதாரண வித்தியாசம் இல்லை. ஒழுங்காக நடக்கும் கடை உள்ள இடத்தில் அரிசி, மற்ற தேவைகளுக்கு ரொக்கம். இரண்டும் வேண்டும்.

பணக்காரனுக்கும் ரேஷன் அரிசி எதற்கு? ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவு மிச்சமாகுமே?

1997 ஜூனில் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று நாட்டைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. பிரித்த மாநிலங்களில் நடந்தது என்ன? 2004-05 கணக்குப்படி கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் வறுமைக்கோட்டு அட்டை இல்லை என்று பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரேஸும் ரீத்திகா கேராவும் எழுதினார்கள். பட்டியல் எடுத்தபோது ஊரில் இல்லாதவர், வெளியூர்ச் சூளைக்குப் போனவர், தலைவருக்கு வேண்டாதவர் எல்லோரும் விடுபட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவர்களின் கார்டில் ‘எச்’ முத்திரை குத்திப் பொருள் மறுத்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் அப்போதைய ஆளுங்கட்சி தோற்ற பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள்.

கடையில் இரும்புக் கதவு போடாமலேயே நம் ரேஷன் வடிகட்டுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை கார்டு எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பொருளும் வேண்டாதவருக்கு அதற்கும் ஒரு கார்டு உண்டு. அரிசி கார்டு வைத்திருக்கும் வசதியான வீட்டில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகும், சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குவார்கள். ஏழை வீட்டில் மூன்று வேளையும் அதே அரிசி. 2011 ஜூன் முதல் அது இலவசம்.

விலை இல்லாமல் இல்லை. மாநில அரசு உணவு மானியத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது, எல்லைக்கு அப்பால் அரிசி கடத்தல் நடக்கிறது. இவ்வளவு தெரிந்தும் நான் எல்லோருக்கும் என்ற பக்கம் நிற்கிறேன். கடை எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் கடை திறக்காத நாளில் வாத்தியாரும் சத்தம் போடுகிறார். ஏழைக்கு மட்டும் உரியதாகச் சுருங்கினால், அந்தக் குரல் போய்விடும்.

பட்டியலே போடாமல் சரியான ஆளுக்குச் சேர்க்க முடியுமா?

முடியும். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைப் பாருங்கள். சாதாரண கட்டண நகரப் பேருந்தில் எந்தப் பெண்ணும் ஏறலாம், வருமானம் கேட்பதில்லை. எக்ஸ்பிரஸ்ஸிலும் ஏ.சி. பஸ்ஸிலும் போகக்கூடியவர் அதில் போய்விடுகிறார். நின்றுகொண்டு போகத் தயாராக இருப்பவர் வீட்டு வேலைக்கும் பூ விற்கவும் போகும் பெண்தான். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. உதவி அப்படியே வேலைக்குப் போகும் வழியாகவும் இருக்கிறது. வேலையைக் குறைக்குமோ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

2022 செப்டம்பரில் வந்த புதுமைப்பெண் திட்டமும் அப்படி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். பள்ளியே வருமானச் சான்று. கோடு போட்டால் ஓரத்தில் ஆள் நிற்கத்தான் செய்வார்கள்: தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிய பெண் வெளியே. கொரோனாவில் அப்பாவின் வேலை போன வீடுகளில் இப்படி நிறையப் பேர். 2024 இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தார்கள். மாறி வந்தவர்களுக்கும் ஒரு வழி செய்யலாம்.

நிபந்தனை வைத்துக் கொடுப்பது சரியா?

நிபந்தனை எதன் மேல் என்பதைப் பொறுத்தது. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, மணப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்றது. பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க அது ஒரு காரணமாக இருந்தது. ஆனாலும் பணம் கல்யாணத்தில்தான் வந்தது. 2022-ல் அதைப் புதுமைப்பெண்ணாக மாற்றியபோது, அதே அக்கறையின் பணம் படிக்கும்போதே அவள் கைக்கு வந்தது. எனக்கு இது மிகச் சிறந்த விதிமாற்றம்.

முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, அரசு மருத்துவமனையில் பிரசவம், தடுப்பூசி என்று தவணை தவணையாக வரும். ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் உள்ள தமிழ்நாட்டில் இந்த நிபந்தனைகள் நியாயமானவை. இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. மூன்றாவது குழந்தைக்கும் பசிக்கும்.

என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். “தகுதியில்லை” என்பது காரணம் ஆகாது. மின்சாரமா, நிலமா, வாகனமா, எந்த ஆண்டுத் தரவு என்று தெரிய வேண்டும். மகளிர் உரிமைத் தொகையில் குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பது தொடக்கத்திலிருந்தே விதியில் இருந்தது. பொது மீட்டர் என்றால் அதில் உள்ள மற்றக் குடும்பங்களின் கார்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டுப் பட்டா என்றால் வாரிசுகளின் பெயர்களையும் உங்கள் பங்கையும் எழுதி, வி.ஏ.ஓ.விடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். விற்றுவிட்ட வண்டி உங்கள் பெயரில் நின்றால், பெயர் மாற்றாமல் மேல்முறையீடு பலிக்காது; ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை முதலில் முடியுங்கள்.

நூறு நாள் வேலையில் வாய்மொழியாகக் கேட்டால் கேட்டதாகவே ஆகாது. எழுதிக் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்க அந்த ரசீது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம். தனியாகப் போனால் ரசீது தர இழுத்தடிப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே தாளில் பெயரும் ஜாப் கார்டு எண்ணும் எழுதிப் போங்கள், கிராமசபை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.